சாட்டைவால் குஞ்சுகளுக்கு ஒரு டப்பா

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு தொட்டியின் முன்னால் குனிந்து நின்றிருந்தேன். செங்கல் நிறத்தில் ஒரு காய்ந்த குச்சி மணல்மேல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குச்சி கண்ணை உருட்டியது. பக்கத்தில் இன்னொரு குச்சி, அதற்கப்பால் மூன்று. எல்லாம் மீன்.

“இது என்ன மீன் அண்ணே?”

“ரெட் லிசார்ட், தம்பி. விப்டெயில் வகை. பாசியெல்லாம் சாப்பிட்டுடும், தொட்டி சுத்தமா இருக்கும்.”

ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். வால் துடுப்பின் மேல் நுனியிலிருந்து மெல்லிய இழை ஒன்று நீண்டு, நீந்தும்போது சாட்டை மாதிரி பின்னால் வரும். விப்டெயில் என்ற பெயர் அதனால்தான். நான் வீட்டில் சாட்டைவால் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

மூன்று வாரத்தில் இரண்டு இறந்துபோயின. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை; நிறம்கூட மங்கவில்லை. கையில் எடுத்துத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது, வயிறு முதுகோடு ஒட்டிப் பள்ளமாகியிருந்தது. பட்டினி. இந்த மீனின் உடம்பு முழுக்க எலும்புத் தகடுகள். உள்ளே சதை வற்றினாலும் வெளியே வடிவம் மாறாது. பட்டினி கிடக்கும்போது அலைந்து திரிந்து காட்டிக்கொடுக்கவும் செய்யாது, கிடந்த இடத்திலேயே கிடக்கும். அன்றிலிருந்து தினமும் ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பார்க்கும் பழக்கம் வந்தது. வயிறு லேசாகப் புடைத்திருந்தால்தான் அது சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். மற்றதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பாசி சாப்பிடும் என்பது பாதி உண்மைதான். தென் அமெரிக்காவின் லோரிகேரியிடே என்ற பெரிய கெளுத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. லோரிகா என்றால் லத்தீனில் மார்க்கவசம். நம் ஊரில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் கறுப்பு சக்கர் மீனும் இதே குடும்பம். தொட்டியை விட்டு வெளியேறிய அந்தச் சக்கர் மீன் இன்று நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் வலை நிறையச் சிக்குகிறது. சாட்டைவால் அப்படி முரட்டு மீன் இல்லை. ரினலோரிகேரியா என்ற பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மத்திய அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து அர்ஜென்டினா வரை ஆற்று மணலிலும் உதிர்ந்த இலைகளுக்கு நடுவிலும் வாழ்பவை. பாசியை மேயும், ஆனால் அது மட்டும் போதாது. சின்னப் புழு, பூச்சி, மக்கும் இலைமேல் படியும் வழுவழுப்பு எல்லாம் வேண்டும்.

ரெட் லிசார்ட் கொஞ்சம் தனிக்கதை. பெயர் வைக்கப்படாத கவசக் கெளுத்திகளுக்கு எண் கொடுக்கும் வழக்கத்தை ஜெர்மனியின் டாட்ஸ் என்ற மீன் வளர்ப்பு இதழ் 1988இல் தொடங்கியது. அந்த வரிசையில் இதன் எண் எல்010ஏ. இந்தச் சிவப்பு வகை மீன் வளர்ப்பவர்களின் தொட்டிகளிலேயே உருவானது என்றுதான் பெரும்பாலும் கருதப்படுகிறது. அதனால் பிடித்து வரப்பட்ட மீனைவிட வீட்டுத் தொட்டிக்கு எளிதாகப் பழகும். என்னை மாதிரி முதல்முறை வைப்பவருக்கு அது பெரிய உதவி.

இரண்டு இறந்ததற்குக் காரணம் என் தொட்டியிலேயே இருந்தது. எட்டு டைகர் பார்ப் வைத்திருந்தேன். தீனி போட்டதும் அவை பாய்ந்து அள்ளிவிடும். சாட்டைவால் தீனியை மோப்பம் பிடித்து, யோசித்து, மணலை வாயால் தடவிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஒன்றும் மிஞ்சாது. அதோடு பார்ப்கள் வால் இழையைக் கடித்துக் குறைத்தும் விட்டிருந்தன. பார்ப்களை நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மேல்மட்டத்தில் மட்டும் சுற்றும் சின்ன டெட்ரா பத்து வாங்கினேன். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, மூழ்கும் வில்லைத் தீனியை இரண்டு மூலைகளில் போட ஆரம்பித்தேன். ஒரே இடத்தில் போட்டால் பெரியது ஒன்று மேலே படுத்துக்கொள்ளும். நாலும் பத்து நாளில் வயிறு தேறின.

தொட்டி 36 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம். கணக்குப்படி 132 லிட்டர். மணல், மரக்கட்டை, மேலே விட்ட இடைவெளி போகத் தண்ணீர் 110 லிட்டர் இருக்கும். இந்த மீனுக்கு உயரம் பெரிதாகத் தேவையில்லை, தரைதான் முக்கியம். இரண்டடி உயரத் தொட்டியைவிட நீளமான தாழ்ந்த தொட்டி நல்லது.

தரை என்றதும் மணல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கடையில் கொடுத்த கலர் சரளைக்கல்தான் போட்டிருந்தேன். அதன்மேல் சாட்டைவால் நிம்மதியாகப் படுக்கவே இல்லை, எப்போதும் கண்ணாடியிலேயே தொங்கியது. மணல் மாற்றலாம் என்று பக்கத்தில் வீடு கட்டுமிடத்தில் கேட்டால் எம்-சாண்ட்தான் இருந்தது. அதை எடுக்காதீர்கள். கருங்கல்லை உடைத்து அரைத்த தூள் அது. விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாலே கூர்மை தெரியும். வயிற்றை மணலில் உரசியபடியே வாழும் மீனுக்கு, மணலில் வாயைப் புதைத்துத் தேடும் மீனுக்கு, அது ஆகாது. ஆற்று மணல் இப்போது கிடைப்பதும் கடினம், எடுக்கவும் மனம் வரவில்லை. நீச்சல் குளத்து ஃபில்டருக்குப் போடும் சிலிகா மணல் ஒரு மூட்டை வாங்கினேன். பரல்கள் ஏறக்குறைய ஒரே அளவில், உருண்டையாக இருக்கும். பன்னிரண்டு முறை அலசிய பிறகுதான் கலங்கல் நின்றது. இரண்டு விரல்கடை உயரத்துக்கு மட்டும் போட்டேன். ஆழமாகப் போட்டால் அடியில் காற்றில்லாமல் அழுகும்.

மணல் போட்ட அன்று ராத்திரியே ஒன்று பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தது. டார்ச் அடித்ததும் கண்ணின் கருமணி மேலே இருந்து ஒரு மடல் இறங்கி மூடிக்கொண்டது. வெளிச்சம் கூடும்போது அந்த மடல் விரிந்து கருமணியை ஒரு மெல்லிய பிறை அளவுக்குக் குறைத்துவிடும். விளக்கை அணைத்தால் மறுபடி சுருங்கும். அதை ராத்திரி எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1100. ஆர்.ஓ. தண்ணீர் 50. ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்தால் 310 பக்கம் வரும். அதில்தான் ஓடுகிறது. வாரம் 30 லிட்டர் மாற்றுகிறேன். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீடு துடைக்க எடுத்துக்கொள்கிறோம். குழாய்த் தண்ணீர் வரும் நாளில் அதைப் பிடித்து, குளோரின் போக மருந்து கலந்து பயன்படுத்துவதும் உண்டு.

மே மாதம்தான் சோதனை. மின்விசிறி ஓடும் அறையிலேயே தொட்டித் தண்ணீர் 33.5 டிகிரிக்குப் போனது. இந்த மீனுக்கு 24 முதல் 28 வரை இதம். சூடு நேராகச் சுடுவதைவிட, சூடான தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் குறைவதுதான் பிரச்சினை. 25 டிகிரியில் ஒரு லிட்டரில் 8.2 மில்லிகிராம் வரை கரையும். 32 டிகிரியில் 7.3தான். கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட் விசிறி இரண்டைத் தொட்டி விளிம்பில் சாய்வாக வைத்து, காற்று தண்ணீர்மேல் தடவிப் போகும்படி கட்டினேன். மூன்று டிகிரி குறைந்தது. கடற்காற்று வந்து புழுங்கும் மாலைகளில் அந்த அளவு குறையவில்லை, ஏனென்றால் ஆவியாவதால்தான் குளிர்கிறது.

இங்கே ஒரு தப்புக்கணக்கு போட்டேன், கவனமாக இருங்கள். விசிறி வைத்தால் தினமும் 2 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். குறைந்ததை நிரப்ப போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். மாதம் 60 லிட்டர் போர் தண்ணீர் ஊற்றினால், 110 லிட்டர் தொட்டியில் டிடிஎஸ் 600 ஏறிவிடும். வாராவாரம் மாற்றும் தண்ணீர் அதில் கொஞ்சம் குறைத்தாலும், நான் அளந்தபோது மீட்டர் 640 காட்டியது. அதன்பிறகு ஆவியான தண்ணீரை நிரப்புவதற்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான்.

அக்டோபரில் நாலும் நன்றாக வளர்ந்துவிட்டன. பெரியது 11 செ.மீ. ஆண் எது, பெண் எது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. ஆணுக்குக் கன்னத்தின் இரண்டு பக்கமும் தாடி மாதிரி முள்மயிர் அடர்ந்து வரும். பெண்ணை மேலிருந்து பார்த்தால் நடு உடம்பு அகலமாகத் தெரியும். என்னிடம் ஓர் ஆண், மூன்று பெண். ஒரு ஆண் மட்டும் இருப்பது வசதி, குழாய்க்குச் சண்டை இல்லை.

குழாய் என்றது பிளம்பர் கடையில் வெட்டிப்போட்ட ஒன்றேகால் அங்குல பிவிசி துண்டுகள். 18 செ.மீ. நீளத்தில் மூன்று வாங்கி, உள்பக்கம் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். வழவழப்பாக இருந்தால் முட்டை ஒட்டாது என்று பயம். தேவையா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஆண் மீன் தேய்த்த குழாயைத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் திறந்த குழாய் வேண்டும். பெரிய சக்கர் வகைகளுக்குச் சொல்வது போல ஒரு பக்கம் அடைக்கத் தேவையில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தண்ணீர் ஓடினால்தான் ஆண் முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறுவது பலிக்கும்.

நவம்பரில் மழை பிடித்தது. தொட்டித் தண்ணீர் 26க்கு இறங்கியது. அந்த வாரம் தண்ணீர் மாற்றும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரை மெதுவாக விட்டேன். இரண்டாம் நாள் காலை ஆண் குழாயைவிட்டு நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் வயிற்றுக்கு அடியில் வெளிர் பச்சை முத்துகள், ஒரே அடுக்காக, குழாயின் தரையில் ஒட்டியிருந்தன. என் மனைவியை எழுப்பிக் காட்டினேன். “பச்சைப் பட்டாணி மாதிரி இருக்குப்பா” என்றாள். பட்டாணியைவிடச் சின்னது, ஆனால் நிறம் அதேதான்.

அந்த முட்டைகள் ஒன்றும் பிழைக்கவில்லை. ஐந்தாம் நாள் காற்றும் மழையுமாக ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் நின்றுபோய், அடிமட்டத்தில் ஆக்சிஜன் குறைந்து, ஆண் குழாயைவிட்டு வெளியே வந்து கண்ணாடியின் மேல்பகுதியில் ஒட்டிக்கொண்டது. அது விசிறாத முட்டைகளில் மறுநாளே பஞ்சு மாதிரிப் பூஞ்சை. அதற்கப்புறம் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி, கரண்ட் போனால் தானாக ஓடும்படி மாட்டினேன். அதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

டிசம்பர் கடைசியில் மறுபடி முட்டை. இந்த முறை ஆண் எட்டு நாள் நகரவே இல்லை. முட்டையின் பச்சை மெதுவாகப் பழுப்புக்கு மாறி, ஆறாம் நாள் உள்ளே இரண்டு கறுப்புக் கண் புள்ளிகள் தெரிந்தன. ஒன்பதாம் நாள் காலை குழாய் வாயில் சின்னச் சின்ன நூல்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, ஆனால் வால் இழை அப்போதே இருந்தது! எண்ணினேன், 46.

பெரிய தொட்டியில் விட்டால் எங்கே போகும், என்ன சாப்பிடும் என்று தெரியாது. ஆகவே 10 லிட்டர் டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு அதற்கு மாற்றினேன். வயிற்றில் இருந்த மஞ்சள்கரு மூன்று நாளில் தீர்ந்தது. தூளாக்கிய தீனியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தண்ணீர் கெடாதபடி கொஞ்சமாகப் போட்டேன். ஏழாம் நாள் பார்த்தால் பாதிக்குமேல் வயிறு ஒட்டியிருந்தன. பதறிப்போய் தீனியைக் கூட்டினேன். சோதனைத் திரவத்தில் அம்மோனியா 1 காட்டியது. தண்ணீரைப் பாதி மாற்றினேன். மாலையில் மறுபடி அம்மோனியா அரை காட்டியது. பதினோராம் நாள் டப்பில் உயிரோடு ஒன்றும் இல்லை.

ஒவ்வொன்றையும் சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுக்கும்போது மனசு ரொம்ப வலித்தது. அப்பன் எட்டு நாள் சாப்பிடாமல் காத்ததை நான் பதினோரு நாளில் தொலைத்துவிட்டேன்.

அந்த ஜனவரி முழுக்க யோசித்தது இதைத்தான். இந்தக் குஞ்சுக்கு உடம்பில் சேமிப்பு கிடையாது. பகலும் இரவும் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் வாய்க்கு எட்டும் தூரத்தில் எப்போதும் தீனி இருக்க வேண்டும். எப்போதும் தீனி இருந்தால் சின்ன டப்பில் தண்ணீர் கெடும். பிஎச் 7.6, சூடு 28 இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவின் நச்சுப் பங்கும் அதிகம். தீனியைக் குறைத்தால் பட்டினி, கூட்டினால் விஷம். 10 லிட்டரில் இந்த இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க என்னால் முடியாது. ஆனால் ஒரு வருஷமாக ஓடி நிலைத்துவிட்ட 110 லிட்டர் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. குஞ்சுகள் சின்ன இடத்தில் தீனிக்கு நடுவில் இருக்கட்டும், தண்ணீர் மட்டும் பெரிய தொட்டியுடையதாக இருக்கட்டும். இதுதான் டப்பாவின் யோசனை. கடையில் வலை கட்டிய குஞ்சுப் பெட்டி கிடைக்கிறது. ஆனால் வலைக்குள் தண்ணீர் தானாகப் போய் வருவது மந்தம், அடியில் கழிவு தேங்கும். தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும்.

சமையலறையில் பிஸ்கட் போட்டு வைத்திருந்த 4 லிட்டர் செவ்வக டப்பா ஒன்று எடுத்தேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். ஒரு குறுகிய பக்கத்தில் தரையிலிருந்து 2 செ.மீ. மேலே, 10 செ.மீ. அகலம் 6 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். முதலில் 3 செ.மீ. சதுரமாக வெட்டியிருந்தேன். அது தப்பு. தண்ணீர் எல்லாம் சின்ன ஓட்டை வழியாகப் போக வேண்டும் என்றால் அங்கே இழுப்பு அதிகமாகும், குஞ்சு வலையில் ஒட்டிக்கொண்டு பிரிய முடியாமல் போகும். ஜன்னல் பெரிதாக இருந்தால் தண்ணீர் பரவி மெதுவாக வெளியேறும். ஜன்னலை அடைக்க எவர்சில்வர் டீ வடிகட்டி இரண்டைப் பிரித்து, அந்த வலையை எடுத்தேன். நைலான் கொசுவலையில் குஞ்சின் தலை நுழையப் பார்க்கும். டீ வடிகட்டி வலை அதைவிட நெருக்கம்.

ஒட்டுவதற்குக் கண்ணாடித் தொட்டி ஒட்டும் சிலிகான், வினிகர் வாசம் அடிக்கும் வகை. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகானைத் தொடவே கூடாது. ஒட்டிவிட்டு இரண்டு நாள் வெயில் படாமல் காயவைத்து, அப்புறம் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, வாசம் முழுக்கப் போனபின்தான் தொட்டிக்குள் வைத்தேன். பிளாஸ்டிக்கில் சிலிகான் கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குப் பிடிக்காது. அதனால் வலையின் ஓரத்தில் ஊசியால் ஓட்டை போட்டு மீன் நரம்பால் நாலு மூலையும் தைத்துவிட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் தண்ணீர் உள்ளே வரும் வழி. வீட்டுக் குழாய்க்குப் போடும் அரை அங்குல பிவிசி, 22 செ.மீ. நீளம், மேல் முனையில் ஒரு எல்போ. இந்தக் குழாய் டப்பாவுக்கு வெளியே, தொட்டித் தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும். எல்போவின் வாய் மட்டும் டப்பாவின் சுவரில் போட்ட ஓட்டை வழியாக உள்ளே நீட்டும். குழாயின் அடியில், முனையிலிருந்து ஒரு விரல்கடை மேலே சின்னத் துளையிட்டு ஏர் டியூபைச் சொருகினேன். ஏர் பம்ப் ஊதும் குமிழிகள் குழாய்க்குள் மேலே ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். மோட்டார் இல்லை, குஞ்சை உறிஞ்சிப் போடும் இறக்கை இல்லை. வரும் தண்ணீரில் காற்றும் நன்றாகக் கலந்து வரும்.

முதல்முறை ஓட்டியபோது தண்ணீர் வராமல் துப்பிக்கொண்டிருந்தது. எல்போவைத் தண்ணீர் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே வைத்திருந்தேன். இந்தக் குமிழித் தூக்கு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதில்தான் பலம். மட்டத்துக்கு மேலே தூக்கச் சொன்னால் சீக்கிரம் தளர்ந்துவிடும். எல்போ வாயின் பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே இருக்கும்படி இறக்கினேன். எல்போவுக்கு அடியில் குவளை பிடித்துப் பார்த்ததில் 40 விநாடிக்கு ஒரு லிட்டர். மணிக்கு 90 லிட்டர். 4 லிட்டர் டப்பாவில் ஒரு மணி நேரத்தில் 22 தடவை தண்ணீர் மாறுகிறது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

டப்பாவைத் தொட்டிச் சுவரில் ஒட்ட ரப்பர் உறிஞ்சிகள் வாங்கியிருந்தேன். சோதனை ஓட்டத்தின் இரண்டாம் ராத்திரியே ஒன்று விட்டுக்கொடுத்து டப்பா சாய்ந்தது. நல்லவேளை, உள்ளே குஞ்சு இல்லை. அடுத்த நாள் எவர்சில்வர் கம்பியை வளைத்து இரண்டு கொக்கி செய்து, தொட்டி விளிம்பில் தொங்கவிட்டேன். இன்றுவரை அசையவில்லை. மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள் முடிந்தது.

தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது, தீனிப் பிரச்சினை மிச்சம் இருந்தது. இங்கே எனக்குக் கைகொடுத்தது எங்கள் தெருவில் நிற்கும் பாதாம் மரம். பருப்புக்காக வளர்க்கும் பாதாம் இல்லை, சிவந்து உதிரும் பெரிய இலை உள்ள நாட்டு வாதுமை. பூச்சி மருந்து அடிக்காத மரம் என்று தெரியும். காய்ந்து விழுந்த இலைகளைப் பொறுக்கிக் கழுவி, மொட்டை மாடியில் ஒரு பக்கெட்டில் தொட்டித் தண்ணீரோடு இரண்டு வாரம் ஊறவைத்தேன். இலை மேலே வழவழப்பு படியும். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறைய. குஞ்சுகள் அதைத்தான் முதலில் மேயும். இன்னொரு பக்கெட்டில் கூழாங்கற்களை வெயிலில் வைத்தேன். பத்து நாளில் பச்சைப் பாசி பிடித்தது. டப்பாவில் மூன்று கல், மேய்ந்து முடித்ததும் அதை மாடிக்கு அனுப்பிவிட்டு அடுத்த மூன்று. இரண்டு பக்கெட்டையும் கொசு முட்டையிடாதபடி துணி கட்டி இறுக்கி மூட வேண்டும். டெங்கு காலத்தில் இதில் அலட்சியம் கூடாது.

வெளிநாட்டில் வளர்ப்பவர்கள் சுக்கினி கொடுப்பார்கள். நான் பீர்க்கங்காய் கொடுக்கிறேன். தோலை நன்றாகச் சீவி, விரல் தடிமனில் வட்டமாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம். ஆறினதும் எவர்சில்வர் ஸ்பூன் காம்பில் குத்தி இறக்கினால் மூழ்கிவிடும். சுரைக்காயும் பார்த்தேன், அவ்வளவாகத் தொடவில்லை. பீர்க்கங்காயின் நடுவில் உள்ள மென்மையான சதையைக் குஞ்சுகள் ஒரு ராத்திரியில் சல்லடையாக்கிவிடும். சந்தையில் மருந்து அடித்த காய் என்ற கவலை உள்ளவர்கள் மாடித் தோட்டத்தில் ஒரு கொடி வைத்துக்கொள்ளலாம், நாங்கள் வைத்துவிட்டோம். 12 மணி நேரத்துக்குமேல் துண்டை உள்ளே விடுவதில்லை.

காய் மட்டும் கொடுத்தால் வளர்ச்சி மந்தம். காலையில் ஆர்ட்டீமியா, உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, கால் ஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து ஏர் டியூப். நம் ஊர் வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும். அடியில் டார்ச் வைத்தால் குஞ்சு இறால்கள் ஆரஞ்சு மேகம் மாதிரி வெளிச்சத்துக்கு வந்து கூடும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, சொட்டுக் குழாயால் டப்பாவின் தரையில் விடுவேன். உப்புத் தண்ணீரில் பிறந்த அவை நல்ல தண்ணீரில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். ஆனால் சாட்டைவால் குஞ்சு செத்து அடியில் விழுந்ததையும் சாப்பிடும்.

பிப்ரவரி நடுவில் மூன்றாவது முட்டைத் தொகுதி. குஞ்சுகள் வெளிவந்த அன்று குழாயை அப்படியே தண்ணீருக்குள்ளேயே தூக்கி, டப்பாவுக்குள் சாய்த்தேன். ஆண் வேறு பக்கமாக நழுவி வெளியேறியது. 41 குஞ்சு. டப்பாவில் ஊறிய இலை நாலு, பாசிக்கல் மூன்று, பீர்க்கங்காய் ஒன்று. மணல் போடவில்லை, கழிவு எடுக்க வெறும் தரைதான் சுலபம். தினமும் ராத்திரி ஏர் டியூபால் தரையில் கிடப்பதை உறிஞ்சி எடுத்தேன். வலையைப் பழைய டூத்பிரஷால் வெளிப்பக்கமாகத் தேய்த்தேன். ஒரு நாள் விட்டால்கூடப் பாசி அடைத்து டப்பாவுக்குள் தண்ணீர் மட்டம் ஏறும்.

முந்தைய தொகுதிக்கு வயிறு ஒட்டிப்போன ஏழாம் நாள் வந்தபோது எனக்குத் தூக்கம் இல்லை. காலை ஐந்து மணிக்கே போய்ப் பார்த்தேன். டப்பா பிளாஸ்டிக் வழியாக அடியிலிருந்து பார்க்க முடியும் என்பது நான் திட்டமிடாமல் கிடைத்த வசதி. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தேன். வயிறுகள் எல்லாம் உருண்டை, பல வயிறுகளில் ஆர்ட்டீமியாவின் ஆரஞ்சு. அம்மோனியா பூஜ்யம்.

பதினோராம் நாள் இரண்டு இறந்திருந்தன. மூன்றாம் வாரத்தில் நாலு. அந்த வாரம் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போய் இரண்டு நாள் தங்கினோம். தம்பி வந்து தீனி போட்டான், ஆனால் வலையைத் தேய்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு. இரண்டு மாதம் முடிந்தபோது 33 இருந்தன, ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குமேல். ஐந்து வாரத்திலேயே பெரிய தொட்டிக்குள் மாற்ற ஆரம்பித்தேன், தினம் ஐந்து ஐந்தாக. டெட்ராக்கள் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. இவ்வளவு சின்ன வயதிலும் இலைமேல் அசையாமல் படுத்தால் எனக்கே தேட வேண்டியிருக்கும்.

பதினைந்தை மீன் வளர்க்கும் நண்பர்கள் மூன்று பேருக்குக் கொடுத்தேன். சின்னத் தொட்டி வைத்திருந்த ஒருவருக்கு மட்டும், மணல் மாற்றிவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் தருகிறேன் என்று சொன்னேன். மாற்றிவிட்டுப் படம் அனுப்பினார், கொண்டுபோய்க் கொடுத்தேன். கொளத்தூர் அண்ணனிடம் பத்து. வாங்குபவர்களிடம், பாசி போதாது, ராத்திரி மூழ்கும் தீனி போட வேண்டும் என்று சொல்லச் சொன்னேன். அவர் தொட்டியின் மேலே சின்ன அட்டையில் அதை எழுதியே ஒட்டிவிட்டார்.

நேற்று தண்ணீர் மாற்றினேன். இன்று காலை பெரிய ஆண் மறுபடி குழாய்க்குள். டார்ச் அடித்தேன், பச்சை. டப்பாவின் வலை ஓரத்தில் சிலிகான் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. எட்டு நாள் இருக்கிறது, நாளைக்கே கழற்றிப் புதுசாக ஒட்டிக் காயவைக்க வேண்டும். மாடியில் இலை பக்கெட்டை மதியமே நிரப்பிவிட்டேன்.